மூணு வருஷக் கணக்கு

வங்கியில் வேலை பார்ப்பவன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அப்புறம் கோவிலில்கூட நிம்மதியாகக் கும்பிட முடியாது. மலைமந்திர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "சார், எஃப்.டி. வட்டி ஏறுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது பழகிப்போன விஷயம். ஆனால் கொஞ்ச வருஷமாக ஆர்.கே.புரம் வட்டாரத்து நம்மவர்களிடமிருந்து வேறொரு கேள்வி வருகிறது. பையனோ பெண்ணோ, வயசு இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். குர்காவ்னிலோ நொய்டாவிலோ பொட்டி தட்டுகிற வேலை, கை நிறையச் சம்பளம். திடீரென்று ஒருநாள் ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "வேலையை விடப்போறேன், ஒரு வருஷம் வெளிநாடெல்லாம் சுத்திட்டு வரேன்" என்று குண்டைத் தூக்கிப் போடுகிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

மறுநாள் அப்பாக்காரர் என்னிடம் வருவார். பி.எஃப். என்னாகும், வீட்டு லோன் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார். "சார், இதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்க பண்றது. நம்ம வழக்கத்துல உண்டா?"

பி.எஃப். கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்லலாம். வழக்கத்தில் உண்டா என்பது சரித்திரக் கேள்வி. நான் பி.காம். படித்தவன், சரித்திரத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால், செக்டர் 5 தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போய்க் கொஞ்சம் படித்தேன். அதன் விளைவுதான் இந்த நீளமான பதிவு. (டிஸ்கி: வரலாற்றாசிரியர்கள் மன்னிக்க. பேரேடு பார்க்கிற கண்ணால் பார்த்து எழுதியது.)

நம்ம வழக்கத்தில் உண்டா என்று கேட்டால், எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டிய பெயர் ஏ.கே. செட்டியார். இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நம் வயசுக்காரர்களுக்கு 'உலகம் சுற்றும் தமிழன்' என்றால் ஞாபகம் வரலாம். அது அவருடைய புத்தகத்தின் பெயர், பிறகு அவருக்கே பட்டப்பெயராகிவிட்டது.

1911 நவம்பரில் கோட்டையூரில் பிறந்தவர். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், அப்போது ராமநாதபுரம் ஜில்லா. முழுப்பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். இருபது வயசை ஒட்டி ரங்கூன் போய் அங்கே 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார்களுக்கான பத்திரிகை அது. நல்ல வேலைதான். அப்படியே உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அதை விட்டுவிட்டு 1935 வாக்கில் டோக்கியோவுக்குப் போனார். எதற்கு? புகைப்படக் கலை படிக்க! அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீட்டில் இந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே முடித்துவிட்டு அமெரிக்கா, நியூயார்க்கிலும் ஒரு படிப்பு.

1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்கு 'சமாரியா' என்ற கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. நடுக்கடலில் அவருக்கு ஒரு யோசனை வருகிறது. காந்தியைப் பற்றி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுத்தால் என்ன? அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு நிறைய இன்னும் ஒரு மாசம் பாக்கி. கையில் பெரிய முதலீடு கிடையாது, பின்னால் ஸ்டூடியோ கிடையாது. ஊரை ஆள்வது வெள்ளைக்காரன், எடுக்கப்போகிற படமோ அவனுக்குப் பெரிய தலைவலியாக இருந்த மனுஷரைப் பற்றி.

அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் அதே வேலை. இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று அலைச்சல். மொத்தம் ஒரு லட்சம் மைல் பயணம் என்று கணக்குச் சொல்வார்கள். காந்தி போன இடமெல்லாம் இவரும் போய், பல பேர் பல வருஷங்களில் எடுத்துவைத்திருந்த பழைய சுருள்களைத் தேடித்தேடி வாங்கினார். விட்டுப்போனதைத் தாமே படம்பிடித்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதை வெட்டி ஒட்டி 12,000 அடிக்குக் கொண்டுவந்தார், ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். 1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் வெளியானது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருக்கிறார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், சர்க்கார் எப்போது வந்து பிரிண்ட்டைத் தூக்கிக்கொண்டு போகுமோ என்ற பயத்திலேயே படம் ஓடியது.

இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். "பாத்தீங்களா, எல்லாத்தையும் உதறிட்டுப் போயிருக்கார்!" என்பார்கள். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அவர் எதையும் உதறிவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பிறந்த சமூகத்தில் வாலிபப் பையன் மூன்று வருஷம் கண்காணாத தேசத்துக்குப் போவது அதிசயமே இல்லை. போகாமல் வீட்டில் இருந்தால்தான் ஏனென்று கேட்பார்கள்.

நகரத்தார் இதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று எங்கே கடை வைத்திருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துகிற மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடிக்கும் கணக்குப் பழகவும் பெட்டியடிப் பையன்கள். ஒருவர் கப்பலேறினால் மூன்று வருஷம். அதற்குப் பெயரே 'கணக்கு'. மூன்று வருஷத்துக்கான மொத்தச் சம்பளம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். அதில் ஒரு பங்கு கிளம்பும்போதே குடும்பத்தின் கையில் வந்துவிடும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, வீடு வாசல், கல்யாணம் காட்சி எல்லாம் பார்த்துக்கொண்டு, அடுத்த கணக்கு வரும்வரை இருப்பார்கள். (பொதுத்துறை வங்கி ஆபீசர்களே, எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? நமக்கும் மூணு வருஷத்துக்கு ஒருதரம் டிரான்ஸ்பர். என்ன, முன்பணம் கிடையாது, மீன்குழம்புக்கு ஏங்கிக்கொண்டே ஜான்சியில் கிடக்க வேண்டும்.)

சின்ன ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1929-30-ல் பர்மாவில் வங்கித்தொழில் பற்றி விசாரித்த கமிட்டி, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், வெளியே விட்டிருந்த கடன் கிட்டத்தட்ட 75 கோடி ரூபாய் என்றும் கணக்குச் சொன்னது. அந்தக் காலத்து 75 கோடி! ரங்கூன் முகல் தெருவிலிருந்த அவர்கள் கோவிலில் கூடித்தான் மாசாமாசம் நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். ஆகவே கோவிலில் வட்டி விகிதம் கேட்பது நம் மரபுதான், நான் அலுத்துக்கொள்ளக் கூடாது :-)

இப்படி ஊர் ஊருக்குக் கடை இருந்ததால், போகிறவனுக்குத் தங்க இடம் இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'கிட்டங்கி' என்று நீளமான கூடங்கள் உண்டு. பகலில் அங்கேயே பெட்டியை வைத்துக்கொண்டு வியாபாரம், ராத்திரி அங்கேயே படுக்கை, சாப்பாடு பொதுவில். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் இருந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் கேட்க ஆள் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், திரும்பி வருகிறவனுக்கு ஊரில் அவன் இடம் அப்படியே இருந்தது. மூன்று வருஷம் காணாமல் போனவனைப் பார்த்து "கேரியர் போச்சே" என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பர்மா அப்போது வெளிநாடே இல்லை. 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போவது கிட்டத்தட்ட இன்றைக்கு நாம் டெல்லிக்கு வந்த மாதிரி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உள்ளூர்.

ஏ.கே. செட்டியார் செய்தது என்னவென்றால், அந்தப் பழக்கப்பட்ட 'கணக்கை' எடுத்து, வட்டித் தொழிலுக்குப் பதிலாகக் காமிராவை அதற்குள் வைத்தார். டோக்கியோவுக்கும் டப்ளினுக்கும் கிட்டங்கி கிடையாதுதான். அது அவருடைய சொந்தத் துணிச்சல், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'வாலிபத்தில் மூன்று வருஷம் போய்விட்டு வரலாம், வந்தால் ஊர் ஏற்றுக்கொள்ளும்' என்ற தெம்பு அவருக்கு ஊர்க்காற்றிலேயே கிடைத்தது என்பது என் கணிப்பு.

அந்தக் காற்று அடித்த கடைசிக் காலமும் அதுதான். 1930-க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். கடன் கொடுத்தவனுக்கு நிலம் வந்தால் லாபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வசூல் பிரிவில் ஒரு வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தலைவலி என்று. பர்மியர்களின் கோபமும் நியாயமாகவே கிளம்பியது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாம் முடிந்தது. உயிர் பிழைத்தால் போதுமென்று காட்டு வழியே லட்சக்கணக்கில் இந்தியர்கள் நடந்து வந்தார்கள். பர்மா சுதந்திரம் பெற்றதும் 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டமும் வந்தது. (செட்டியார் நடுக்கடலில் காந்தி படத்தை யோசித்த அதே 1937-ல்தான், பிப்ரவரி 10-ம் தேதி, எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் திறப்பு. வங்கிக்காரன் எழுதும் பதிவில் இதைச் சொல்லாமல் போனால் எப்படி?)

இந்தக் கணக்கில் வரவு வைக்கப்படாத ஆட்களும் உண்டு. அவர்கள் பெண்கள். மூன்று வருஷம் கப்பலேறிப் போனவர்கள் ஆண்கள். அந்தப் பெரிய வீட்டின் வளவில் உட்கார்ந்து வத்தலும் வடகமும் காயவைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, வரவு செலவையும் கவனித்தவர்கள் ஆச்சிமார்கள். போகிறவனின் இடம் அப்படியே இருந்தது என்று மேலே எழுதினேனே, அந்த இடத்தை அப்படியே வைத்திருந்தது யார்? பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் வந்த கேள்விகளில் மனசில் தங்கியது ஒரு பெண்ணுடையது. நண்பரின் மகள், இருபத்தேழு வயசு. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள்: "மாமா, அண்ணா ஆன்சைட்னு ரெண்டு வருஷம் நார்வேல இருந்தான். யாரும் ஒண்ணும் கேக்கலை. நான் என் காசுல ஒரு வருஷம் போறேன்னா மட்டும் ஏன் எல்லாரும் பஞ்சாயத்து வைக்கறா?"

நண்பர் என்னைப் பார்த்தார். "அவன் கம்பெனி அனுப்பிப் போனான்மா. கம்பெனி திருப்பிக் கூட்டிண்டு வந்துரும்" என்றார். நூறு வருஷத்துக்கு முந்திய மேலாள், அடுத்தாள் பேச்சு அப்படியே நண்பர் வாயில் வந்தது! கடை அனுப்பினால் கணக்கு, தானாகப் போனால் ஊர்சுற்றல்.

செட்டியாரோடு நிறுத்தினால் ஒரே சாதிக் கதையாகிவிடும். மற்றவர்களும் போயிருக்கிறார்கள். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். அதில் அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூன்று பேர் முழுச் சுற்றையும் முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். நாலரை வருஷம், 44,000 மைல், கியர் இல்லாத சைக்கிள்.

டெல்லியிலிருந்தே ஒரு கதை உண்டு. 1962 ஜூன் மாசம் ராஜ்காட்டில் காந்தி சமாதியிலிருந்து இரண்டு பேர் நடக்க ஆரம்பித்தார்கள். சதீஷ் குமார் ராஜஸ்தானத்துக்காரர், ஈ.பி. மேனன் கேரளத்துக்காரர். அணுகுண்டு வேண்டாம் என்று சொல்வதற்காக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நான்கு தலைநகரங்களுக்கும் போவது திட்டம். கிளம்பும் முன் வினோபா பாவேயிடம் ஆசி வாங்கப் போனார்கள். அவர் கொடுத்த யோசனை, கையில் காசு கொண்டுபோகாதீர்கள் என்பது. பணம் இருந்தால் சத்திரத்தில் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, யாரோடும் பேசாமல் போய்விடுவீர்கள். காசில்லாவிட்டால் யார் வீட்டுக் கதவையாவது தட்டியே ஆக வேண்டும்! பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக நடந்தே போனார்கள். கருங்கடல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு பெண் நாலு பொட்டலம் தேயிலை கொடுத்து, நாலு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள், குண்டு பொத்தானை அழுத்தத் தோன்றும்போது முதலில் ஒரு டீ போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாளாம். பாரிஸில் ஜெயிலும் பார்த்தார்கள். கடலைத் தாண்டுவதற்கு மட்டும் கப்பல். கையில் பத்துப் பைசா இல்லாமல் கிட்டத்தட்ட 8,000 மைல்.

வங்கிக்காரனாக இந்தத் திட்டத்துக்கு நான் லோன் சாங்ஷன் செய்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

சரி, இவ்வளவு பேர் போயிருக்கிறார்கள், அப்புறம் ஏன் நம் அப்பாக்கள் தலைமுறைக்கும் நமக்கும் இது கேள்விப்படாத கூத்தாகத் தெரிகிறது? இதற்குப் பதில் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. அந்நியச் செலாவணி.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டில் டாலர் தட்டுப்பாடு. ஐம்பதுகளின் கடைசியில் நிலைமை ரொம்ப மோசமாகி, வெளிநாடு போவதற்கே 'பி ஃபார்ம்' என்று ஒன்று வந்தது. ரிசர்வ் வங்கி சம்மதம் இல்லாமல் டிக்கெட்கூட வாங்க முடியாது. எட்டு டாலரோடு அமெரிக்காவில் இறங்கினேன் என்று அறுபது எழுபதுகளில் போன மாமாக்கள் சொல்வார்களே, அது பெருமைக்காகச் சொன்ன கதை இல்லை, அன்றைக்குச் சட்டப்படி கொடுத்ததே அவ்வளவுதான். எட்டு டாலரை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வருஷம் ஊர் சுற்ற முடியாது. படிக்கப் போகலாம், வேலைக்குப் போகலாம், அங்கே யாராவது செலவுக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தால் போகலாம். சும்மா பார்க்கப் போவது என்ற வகையே நம் தலையிலிருந்து அழிந்துபோனது.

பாஸ்போர்ட் கதை இன்னும் சுவாரசியம். 1967 வரை, யாருக்குப் பாஸ்போர்ட் கொடுப்பது, யாரிடமிருந்து திருப்பி வாங்குவது என்பதற்கு ஒழுங்கான சட்டமே கிடையாது. சர்க்கார் வைத்ததுதான் சட்டம். ஏற்றுமதி இறக்குமதி வியாபாரியான சத்வந்த் சிங் சாஹ்னியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். எதிர்த்தரப்பில் பெயர் போடப்பட்ட உதவிப் பாஸ்போர்ட் அதிகாரி யார் தெரியுமா? டி. ராமரத்னம். பெயரைப் பார்த்தால் நம்மூர்க்காரர் மாதிரித்தான் தெரிகிறது. 1967 ஏப்ரல் 10-ம் தேதி ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சாஹ்னி பக்கம் தீர்ப்பளித்தார்கள். வெளிநாடு போவது ஒரு மனிதனின் சுதந்திரத்தில் சேர்ந்தது, சட்டமில்லாமல் அதைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி சுப்பா ராவ். அடுத்த நாளே அவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ஜனாதிபதி தேர்தலில் நிற்கப் போனார்! அந்தத் தீர்ப்பினால்தான் அதே வருஷம் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

நம் ஆர்.கே.புரத்தை ஒட்டினாற்போல் பிகாஜி காமா பிளேஸில் இருக்கிற பாஸ்போர்ட் அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இந்த ஏப்ரல் 10 தெரியாது. அந்த இடத்தின் பெயருக்குரிய பிகாஜி காமா அம்மையார் 1902-ல் வைத்தியத்துக்காக ஐரோப்பா போய், அரசியல் காரணத்தால் முப்பது வருஷத்துக்கும் மேல் ஊர் திரும்ப முடியாமல் 1935-ல்தான் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே காலமானார். போனவருக்குத் திரும்பி வர வழியில்லாமல் செய்தார்கள். அவர் பெயரில் உள்ள இடத்தில் பாஸ்போர்ட் ஆபீஸ். யார் வைத்தார்களோ!

இது டாலர் பக்கம். வேலைப் பக்கம் இன்னொன்று. நம்மவர்கள் பெரும்பாலும் டெல்லிக்கு வந்தது சர்க்கார் உத்தியோகத்துக்கு. ஆர்.கே.புரம் என்ற காலனியே மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக எழுந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் சாமி மாதிரி ஒன்று உண்டு, அதற்குப் பெயர் சீனியாரிட்டி லிஸ்ட். குவார்ட்டர்ஸ் கிடைப்பதும், பிரமோஷனும், கடைசியில் பென்ஷனும் அதில்தான். ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு என்றால் பொதுவாக இன்கிரிமென்ட் தள்ளிப்போகும். நமக்குப் பின்னால் நின்றவன் முன்னால் போய்விடுவான். மாயவரத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்து, இங்கே நிலமில்லை, உறவில்லை, பாஷையும் அரைகுறை என்ற நிலையில் இருந்த ஒரு குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்ததே அந்த லிஸ்ட்டில் ஒரு வரிசை எண் மட்டும்தான். அதை யார் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவார்கள்? "வேலையில பிரேக் மட்டும் விழக்கூடாது" என்று அப்பாக்கள் சொன்னதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள அவர்களுக்குக் கிட்டங்கியும் இல்லை, கோட்டையூரும் இல்லை.

அந்தத் தலைமுறையின் உலகப் பயணம் காகிதத்திலும் திரையிலும் நடந்தது. விகடனில் மணியனின் 'இதயம் பேசுகிறது' வந்தால் வீட்டில் சண்டை போட்டுப் படிப்பார்கள். எக்ஸ்போ 70-ல் படம்பிடித்த 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வந்தபோது ஜனங்கள் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து ஜப்பானையும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இப்போது நிலவரம் தலைகீழ். 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. தனிமனிதர் யாரும் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், யாரிடமும் காரணம் சொல்லி மன்றாட வேண்டாம். படிப்படியாக ஏறி 2015-லிருந்து அது 2,50,000 டாலர். எட்டு டாலர் காலத்து ஆட்கள் இதைக் கேட்டால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரர்களே வாலிபர்களைக் கூப்பிடவும் செய்கிறார்கள். பிரிட்டன் 2023-லிருந்து 18 முதல் 30 வயசு வரையுள்ள இந்தியப் பட்டதாரிகளில் வருஷத்துக்கு 3,000 பேர் வரை குலுக்கலில் எடுத்து, இரண்டு வருஷம் இருந்து வேலை பார்க்கவும் சுற்றவும் விசா கொடுக்க ஆரம்பித்தது. ஆஸ்திரேலியா 2024-ல் அதே வயசுக்காரர்களுக்கு வருஷம் 1,000 இடம், ஒரு வருஷ விசா என்று தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம். ஆணா பெண்ணா என்று குலுக்கலில் கேட்பதில்லை. நண்பரின் மகளிடம் இதைத்தான் சொன்னேன்.

கூடவே சொன்னது வெறும் வங்கிக்காரன் பேச்சு. போவதற்கு ஆகும் செலவை எல்லோரும் போடுகிறார்கள், வந்தபிறகு வேலை கிடைக்கும்வரை ஆறு மாசம் உட்கார்ந்து சாப்பிடுகிற செலவை யாரும் போடுவதில்லை. அதைத் தனியாக ஒரு எஃப்.டி.யில் போட்டுவிட்டு, ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. கிரெடிட் கார்டில் ஒரு பைசா பாக்கி வைக்காதே. வந்த வருஷமே வீட்டு லோன் கேட்காதே, சம்பள ரசீதும் இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். ஆபீஸ் மூலமாக வந்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும், சொந்தமாக ஒன்று எடுத்துவிடு. நண்பருக்குத் தனியாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "சார், கணக்கு அவ போட்டுப்பா. திரும்பி வரப்ப அந்த ரூமை மட்டும் ஸ்டோர் ரூம் ஆக்காம வெச்சிருங்க." அவர் சிரிக்கவில்லை.

செட்டியார் திரும்பி வந்து என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. பட முதலாளி ஆகவில்லை. 1943-ல் 'குமரி மலர்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்து, 1983 செப்டம்பரில் சாகும்வரை நாற்பது வருஷம் அதையே நடத்தினார். பழைய பயணக் கட்டுரைகளையெல்லாம் தேடித் தேடி அச்சேற்றினார். தம் படத்தை எதிலும் போட விடமாட்டார். ஒரு லட்சம் மைல் சுற்றியவரின் எழுத்தில் ஊர் இருக்கும், மனுஷர்கள் இருப்பார்கள், 'நான்' மட்டும் அபூர்வம். காந்தி படம் எடுத்த கதையையே கடைசிக் காலத்தில்தான் எழுதினார். அந்தக் கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் புத்தகமாக வந்திருக்கிறது. கிடைத்தால் படியுங்கள்.

படம் என்னவாயிற்று? 1953-ல் அமெரிக்காவுக்குப் போய் ஹாலிவுட்டில் அதற்கு ஒரு ஆங்கில வடிவம் செய்தார். ரொம்ப வருஷம் கழித்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆங்கிலப் பிரதி கண்டெடுக்கப்பட்டது. பட்டம்மாள் குரலோடு 1940-ல் சென்னையில் ஓடிய தமிழ்ப் பிரதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பரணில் வட்டமான தகர டப்பாக்கள் இருக்கின்றனவா என்று ஒருதரம் பாருங்கள்.